ஆல்ஃபிரட் லிட்டில்டன்: கையுறையைக் கழற்றிவிட்டுப் பந்து வீசிய பாரிஸ்டர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா ராணி காலத்து கிரிக்கெட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டபிள்யூ.ஜி. கிரேஸின் தாடிதான். அந்தத் தாடிக்குப் பக்கத்திலேயே, ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நின்ற இன்னொருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆல்ஃபிரட் லிட்டில்டனைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஆல்ஃபிரட் லிட்டில்டன்?

1857 பிப்ரவரி 7 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர். இங்கிலாந்துக்காக 4 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடிய விக்கெட் கீப்பர். அதற்கு முன்பே கால்பந்திலும் இங்கிலாந்துக்கு ஆடியிருந்தார். இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காகக் களமிறங்கிய முதல் ஆள் அவர்தான். தொழில் பாரிஸ்டர். அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர், கடைசியில் காலனி நாடுகளுக்கான அமைச்சர். 1913 ஜூலை 5 அன்று 56 வயதில் காலமானார். அந்தச் சாவுக்கும் கிரிக்கெட் பந்துக்கும் தொடர்பு உண்டு. அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆட்டமும் படிப்பும் தானாக வந்திருக்கும், இல்லையா?

பாதி சரி. அப்பா நான்காவது லிட்டில்டன் பிரபு. ஹாக்லியில் பெரிய மாளிகை. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் பக்கம் லிட்டில்டன் என்று ஒரு துறைமுகம் இருக்கிறதே, அது இந்த அப்பாவின் பெயர்தான். பிரதமர் கிளாட்ஸ்டனின் மனைவியும் ஆல்ஃபிரடின் அம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கை. ஆக, பிரதமரே சித்தப்பா பெரியப்பா முறை ஆகிறவர்.

ஆனால் ஆல்ஃபிரட் அந்த வீட்டில் பன்னிரண்டாவது குழந்தை, எட்டாவது மகன். இங்கிலாந்துப் பிரபுக் குடும்ப வழக்கப்படி பட்டமும் நிலமும் மூத்த மகனுக்குப் போய்விடும். எட்டாவது மகனுக்குக் கிடைப்பது நல்ல படிப்பும் நல்ல பெயரும் மட்டுமே. பிழைப்பை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். இவருடைய அண்ணன்களைப் பாருங்கள்: ஒருவர் ராணுவத் தளபதி, ஒருவர் பிஷப், ஒருவர் ஈட்டன் பள்ளியின் தலைமையாசிரியர். ஆல்ஃபிரடுக்கு வாய்த்தது சட்டம். இவர் வாழ்க்கையில் பின்னால் வரும் எல்லாவற்றையும் இந்த 'எட்டாவது மகன்' என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது.

துக்கமும் அந்த வீட்டுக்குக் குறைவில்லை. இவர் பிறந்த ஆறே மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். அக்காக்கள்தான் தூக்கி வளர்த்தார்கள். 1876-இல், இவர் கல்லூரியில் படிக்கும்போது, வெகுநாள் மனச்சோர்வில் இருந்த அப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

குடும்பமே ஒரு கிரிக்கெட் அணி என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1867 ஆகஸ்டில் ஹாக்லியில் ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் புரோம்ஸ்குரோவ் பள்ளி அணி. எதிர்ப்பக்கம் பதினொரு பேரும் லிட்டில்டன்கள்: அப்பா, எட்டு மகன்கள், அப்பாவின் தம்பிகள் இருவர். கடைக்குட்டி ஆல்ஃபிரடுக்கு அப்போது பத்து வயது. ஆட்டத்தில் ஜெயித்தது குடும்பம்.

கல்லூரி நாள்களில் எப்படி ஆடினார்?

ஈட்டன் பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. அவர் இருந்த 1878-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் அணியைப் போல ஒரு பல்கலைக்கழக அணி அதற்குப் பிறகு வந்ததா என்பது சந்தேகம். ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்துக்கு முதல் சுற்றுப்பயணம் வந்தார்கள். மே மாதம் லார்ட்ஸில் எம்.சி.சி. (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) அணியை 33, 19 ரன் என்று சுருட்டி ஒரே நாளில் ஆட்டத்தை முடித்தவர்கள். அப்படிப்பட்ட அணியை அதே லார்ட்ஸில் இன்னிங்ஸ் மற்றும் 72 ரன் வித்தியாசத்தில் இந்தக் கல்லூரிப் பையன்கள் தோற்கடித்தார்கள். அண்ணன் எட்வர்ட் தலைவர், ஆல்ஃபிரட் விக்கெட் கீப்பர். அடுத்த ஆண்டு ஆல்ஃபிரடே தலைவரானார்.

'அமெச்சூர்' என்றால் காசு வாங்காமல் ஆடுபவர், அவ்வளவுதானே?

சொல்லளவில் அவ்வளவுதான். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அது கிட்டத்தட்ட ஒரு சாதிப் பிரிவினை. காசு வாங்காமல் ஆடுபவர் 'ஜென்டில்மேன்', கூலிக்கு ஆடுபவர் 'பிளேயர்'. இரு தரப்புக்கும் தனித்தனி உடை மாற்றும் அறை. பல மைதானங்களில் களத்துக்குள் நுழையும் வழியே தனி. ஸ்கோர்கார்டில் ஜென்டில்மேன் பெயருக்கு மரியாதை கூடுதல், தொழில்முறை ஆட்டக்காரர் பெயர் வெறும் பெயர். இரு தரப்பும் மோதும் 'ஜென்டில்மென் எதிர் பிளேயர்ஸ்' ஆட்டம் 1806-இல் தொடங்கி 1962 வரை நடந்தது. அந்த ஆண்டில்தான் இந்தப் பாகுபாட்டையே ஒழித்தார்கள்.

பாகுபாட்டில் பொய்யும் நிறைய இருந்தது. பெயருக்கு அமெச்சூரான கிரேஸ், செலவுத்தொகை, நிதி திரட்டல் என்ற பெயர்களில் எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரையும்விட அதிகம் சம்பாதித்தார். லிட்டில்டன் அந்த வகை இல்லை. கிரிக்கெட்டை வைத்து அவர் பிழைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் சம்பாதிக்கக் கூடாது என்றால், சம்பாதிக்க வேறு வேலை வேண்டும். வேறு வேலை வளர வளர கிரிக்கெட்டுக்கு நேரம் இருக்காது. மேல்தட்டில் பிறந்தவருக்குக் கௌரவம் கொடுத்த அதே விதி, எட்டாவது மகனிடமிருந்து மெல்ல ஆட்டத்தையே பிடுங்கிக்கொண்டது.

கால்பந்தில் என்ன செய்தார்?

1877 மார்ச் 3, ஓவல் மைதானம், ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம். இங்கிலாந்து 1–3 என்று தோற்றது. அந்த ஒரு கோல் லிட்டில்டன் அடித்தது. பந்தை யாருக்கும் தட்டிக் கொடுக்காமல் தானே உருட்டிக்கொண்டு ஓடுகிறார் என்று சக ஆட்டக்காரர் பில்லி மோஸ்ஃபோர்த் குறைப்பட்டதாகவும், 'நான் என் சந்தோஷத்துக்காக மட்டுமே ஆடுகிறேன், ஐயா' என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. மோஸ்ஃபோர்த் ஷெஃபீல்டைச் சேர்ந்தவர், இவரைப் போல ஈட்டன் வழி வந்தவர் இல்லை. அந்தப் பதிலைப் படிக்கும்போது எனக்கு மோஸ்ஃபோர்த் பக்கம்தான் மனசு போகிறது.

பாரிஸ்டர் ஆவது அந்தக் காலத்தில் எப்படி? வக்கீலும் பாரிஸ்டரும் ஒன்றுதானா?

இந்தியாவில் இப்போது ஒன்றுதான், எல்லாரும் வழக்கறிஞர்கள். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலும் 'பாரிஸ்டர்', 'வக்கீல்' என்று பிரித்துத்தான் சொன்னார்கள். லண்டனில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் பாரிஸ்டர்.

இங்கிலாந்தில் அன்று பிரிவினை வேறு மாதிரி. கட்சிக்காரர் நேராகப் போய்ப் பார்ப்பது சொலிசிட்டரை. பத்திரம் எழுதுவது, கட்சிக்காரரிடம் பேசுவது, ஆதாரம் திரட்டுவது எல்லாம் அவர் வேலை. உயர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவது பாரிஸ்டர். சொலிசிட்டர் வழக்குக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பாரிஸ்டருக்குப் பிழைப்பு.

பாரிஸ்டர் ஆக லண்டனில் நான்கு சங்கங்கள்: இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன். ஒன்றில் சேர்ந்து, பருவத்துக்கு இத்தனை என்று சங்கத்தின் கூடத்தில் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். சாப்பிட்டால் வக்கீலா என்று சிரிக்கத் தோன்றும். பெரிய வழக்கறிஞர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து பழகித்தான் தொழில் வரும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. 1872 முதல் தேர்வும் கட்டாயமாகிவிட்டது. லிட்டில்டன் இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1881-இல் பாரிஸ்டர் ஆனார். பத்து வருடம் கழித்து, 1891-இல், அதே இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனவர் மோகன்தாஸ் காந்தி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விவரம் பணம் பற்றியது. அந்தக் காலத்தில் பாரிஸ்டர் தன் கட்டணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. அன்றைய சட்டப்படி அது கூலியே இல்லை. மனமுவந்து கொடுக்கும் மரியாதைத் தொகை. அதனால் பேரம் பேசுவதெல்லாம் குமாஸ்தா. தொகையையும் பவுனில் சொல்ல மாட்டார்கள், கினியில் சொல்வார்கள். ஒரு கினி என்றால் ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். காசைக் கையால் தொடாத கனவான் என்ற அதே அமெச்சூர் மனோபாவம்தான் இது. கிரிக்கெட் மைதானத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போன லிட்டில்டனுக்கு, விதிகள் பழகின விதிகளாகவே இருந்திருக்கும். ஒரு வித்தியாசம், இங்கே குமாஸ்தா வழியாகக் காசு உண்மையிலேயே வந்தது.

இங்கிலாந்து–ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரான ஆஷஸ் பிறந்த ஆட்டத்தில் இவர் ஆடினாரா?

ஆடினார். 1882 ஆகஸ்ட் 28, 29, ஓவல்.

அந்த வருடம் இவருக்கு எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மே 6 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரெடரிக் கேவண்டிஷ் பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அயர்லாந்து நிர்வாகப் பொறுப்பேற்று அன்றுதான் டப்ளினுக்கு வந்திருந்தவர். அவர் லிட்டில்டனின் அக்கா லூசியின் கணவர். அம்மா இல்லாத வீட்டில் தன்னை வளர்த்த அக்காக்களில் ஒருத்தி விதவையாகி நான்கு மாதம்கூட ஆகாத நிலையில்தான் லிட்டில்டன் ஓவலில் கையுறை மாட்டினார்.

இங்கிலாந்து ஜெயிக்க வேண்டியது 85 ரன். கிரேஸும் யுலியட்டும் அடுத்தடுத்து அவுட் ஆகி 53-க்கு 4. லிட்டில்டனும் லூக்காஸும் சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்பொஃபோர்த் வீசிய பந்துகள் அப்படி. ரன்னே வரவில்லை. தொடர்ந்து பன்னிரண்டு ஓவர் மெய்டன். அப்போதைய ஓவருக்கு நான்கு பந்து. ஆக 48 பந்துக்கு ஒரு ரன்கூட இல்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஸ்பொஃபோர்த்துக்கு லிட்டில்டனைத் தன் முனைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக ஃபீல்டர் பானர்மன் வேண்டுமென்றே ஒரு பந்தைத் தவறவிட்டார், இவர்கள் ஒரு ரன் ஓடினார்கள், லிட்டில்டன் ஸ்பொஃபோர்த்தின் எதிரில் வந்து நின்றார். இன்னும் நான்கு மெய்டன். அப்புறம் ஸ்டம்ப் பறந்தது. லிட்டில்டன் 12 ரன், அணி 66-க்கு 5.

ஐந்து விக்கெட் கையில், வேண்டியது 19. அதைக்கூட எடுக்க முடியாமல் 77-க்கு எல்லாரும் அவுட். ஆஸ்திரேலியா 7 ரன்னில் வென்றது. ஆட்டத்தில் ஸ்பொஃபோர்த் 90 ரன் கொடுத்து 14 விக்கெட். இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது, உடல் தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று ஒரு பத்திரிகை இரங்கல் செய்தி போட்டது. அந்தச் 'சாம்பலை' (ஆங்கிலத்தில் 'ஆஷஸ்') மீட்டு வரக் கப்பலேறிய அணியின் தலைவர் ஐவோ பிளை, லிட்டில்டனின் கேம்பிரிட்ஜ் தோழர்.

லிட்டில்டன் அந்தக் கப்பலில் இல்லை. அவர் ஆடிய 4 டெஸ்டும் இங்கிலாந்து மண்ணில்தான். ஆஸ்திரேலியா போய் வருவது மாதக்கணக்கான வேலை. பாரிஸ்டராகி ஒரே வருடம் ஆனவர் அத்தனை நாள் அறையைப் பூட்டிவிட்டுப் போனால் வழக்குக் கட்டு வேறு அறைக்குப் போய்விடும்.

விக்கெட் கீப்பர் பந்து வீசி 4 விக்கெட் எடுத்த கதை என்ன?

இதற்காகத்தான் பலரும் இவரைத் தேடி வருகிறார்கள். 1884 ஆகஸ்ட் 11, மறுபடியும் ஓவல், மறுபடியும் ஆஸ்திரேலியா. முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 363. மெக்டானல் சதம், ஸ்காட் சதம், மர்டாக் 211. டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம் அதுதான். இங்கிலாந்துத் தலைவர் ஹாரிஸ் பிரபு யாரைக் கூப்பிட்டும் பலனில்லை. ஸ்கோர் 500-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் எஞ்சியது விக்கெட் கீப்பர். லிட்டில்டன் பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்டம்புக்குப் பின்னால் அவர் இடத்தில் போய் நின்றவர் டபிள்யூ.ஜி. கிரேஸ். அந்தப் பெரிய உடம்பும் தாடியுமாகக் கிரேஸ் குனிந்து நிற்பதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள்.

லிட்டில்டன் வீசியது 'லாப்': கையை இடுப்புக்குக் கீழேயே வைத்து, நாம் தெருவில் சின்னப் பையனுக்குப் போடுவோமே, அப்படி மேலே தூக்கி மெதுவாகப் போடும் பந்து. சுலபமாகத் தெரியும். ஆனால் நாள் முழுக்க வேகப்பந்தையும் சுழல்பந்தையும் அடித்துப் பழகிய கைக்கு அது திடீரென்று வந்தால் நிதானம் தப்பும். அவருடைய முதல் லாப் பந்திலேயே மிட்விண்டர் தொட, பின்னால் கிரேஸ் பிடித்துவிட்டார். அப்புறம் இன்னும் மூன்று பேர். 12 ஓவர், 19 ரன், 4 விக்கெட். 551-இல் இன்னிங்ஸ் முடிந்தது. டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் ஓர் அணியின் பதினொரு பேரும் பந்து வீசியது அதுவே முதல் முறை. விக்கெட் கீப்பராக இறங்கியவரின் சிறந்த பந்துவீச்சு என்று அந்த 4/19 இன்றும் சாதனைப் பட்டியலில் நிற்கிறது.

ஆட்டம் டிரா ஆனது. பத்தாவதாக இறங்கி வால்டர் ரீட் 117 அடித்தார் என்பது தனிக் கதை.

எனக்கு அந்த மிட்விண்டர் விக்கெட்டில் இன்னொரு சுவாரசியம். ஆறு வருடம் முன்பு இதே மிட்விண்டர் ஆஸ்திரேலிய அணிக்காக லார்ட்ஸில் ஆட்டத்துக்குத் தயாராக இருந்தபோது, கிரேஸ் நேரில் போய் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றித் தன் குளோஸ்டர்ஷயர் அணிக்கு ஆடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது அதே மிட்விண்டரைக் கிரேஸ் கையில் பிடித்துக் கொடுத்தார் லிட்டில்டன்.

எண்ணிக்கையில் அவர் கிரிக்கெட் எப்படி?

டெஸ்டில் சாதாரணம்தான்: 4 ஆட்டம், 94 ரன், அதிகபட்சம் 31. முதல்தரக் கிரிக்கெட்டில் 1876 முதல் 1887 வரை 101 ஆட்டம், 4,429 ரன், 7 சதம், 134 கேட்ச், 70 ஸ்டம்பிங். அந்தக் காலத்துக் கரடுமுரடான ஆடுகளத்தில் சராசரி 27-க்கு மேல் என்பது நல்ல கணக்கு. அதிகபட்சம் 181, மிடில்செக்ஸுக்காக 1883-இல் கிளிஃப்டனில். அன்று ஐ.டி. வாக்கரோடு இரண்டாவது விக்கெட்டுக்கு 324 ரன் சேர்த்தார். எதிரணி கிரேஸின் குளோஸ்டர்ஷயர்.

30 வயதில் ஏன் நிறுத்திவிட்டார்?

மேலே சொன்ன அமெச்சூர் கணக்குதான். 1882 முதல் 1886 வரை சர் ஹென்றி ஜேம்ஸிடம் சட்டச் செயலாளராக இருந்தார். அவற்றில் பெரும்பகுதி ஹென்றி ஜேம்ஸ் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த காலம். இளம் பாரிஸ்டருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. நீதிமன்றத்தின் சுறுசுறுப்பான மாதங்களும் கிரிக்கெட்டின் நல்ல மாதங்களும் மே, ஜூன், ஜூலையில் முட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் விடுமுறையில்தான் மூச்சு விட நேரம். அவருடைய கடைசி டெஸ்டும் ஆகஸ்டில்தான் என்பதைப் பாருங்கள்.

ஆனால் வேலை மட்டும்தான் காரணம் என்று என்னால் எழுத முடியவில்லை. 1885 மே 21 அன்று லாரா டென்னன்ட் என்ற பெண்ணை மணந்தார். பழகிய எல்லாரும் மறக்க முடியாமல் நினைவுகூர்ந்த பெண். 1886 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. எட்டாவது நாள் லாரா இறந்துவிட்டார். கல்யாணமாகி பதினோரு மாதம். குழந்தையும் 1888-இல் போய்விட்டது. ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் லாராவின் நினைவாக மயில் உருவம் கொண்ட ஒரு நினைவுச் சின்னத்தை உருவாக்கினார். மெல்ஸ் கிராமத் தேவாலயத்தில் அதைக் காணலாம். லிட்டில்டனின் முதல்தரக் கிரிக்கெட் 1887-இல் நின்றது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

1892-இல் எடித் பால்ஃபரை மறுமணம் செய்தார். எடித் நல்ல எழுத்தாளர்; கணவர் இறந்தபின் அவர் வாழ்க்கையை எழுதியவரும் அவரே.

வழக்கறிஞராகப் பெரிய பெயர் எடுத்தாரா?

கொடிகட்டிப் பறந்த குறுக்கு விசாரணைப் புலி என்று சொல்ல மாட்டேன். நிதானமானவர், நம்பகமானவர், இரு தரப்பும் பேச ஒப்புக்கொள்ளும் நடுவர் என்ற வகையில் மதிப்பு. 1893-இல் ஹெரிஃபோர்டு நகரின் ரெக்கார்டர், அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கார்டர். ரெக்கார்டர் என்றால் தன் வழக்குத் தொழிலை விடாமலே ஆண்டில் சில நாள் நீதிபதியாக உட்கார்பவர். 1900-இல் குயின்ஸ் கவுன்சல் ஆனார், அதாவது பருத்தி அங்கிக்குப் பதில் பட்டு அங்கி போடும் மூத்த பாரிஸ்டர். அதே ஆண்டு டிரான்ஸ்வால் சலுகை ஒப்பந்தங்களை ஆராயும் ஆணையத்துக்குத் தலைவராகத் தென்னாப்பிரிக்கா போனார். அந்தப் பயணம்தான் அவரை அமைச்சர் பதவிக்கு இழுத்துச் சென்றது.

கிரிக்கெட் சட்டத்தையே மாற்றப் பார்த்தார் என்கிறார்களே?

ஆமாம், 1901-இல். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.க்கு 1898-இலேயே தலைவராக இருந்தவர். ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்பது எல்பிடபிள்யூ. அப்போதைய விதிப்படி, பந்து இரண்டு விக்கெட்டுக்கும் நேரான கோட்டுக்குள் பிட்ச் ஆகியிருந்தால்தான், அதாவது தரையில் பட்டு எழும்பியிருந்தால்தான், பேட்ஸ்மன் அவுட். வெளியே பிட்ச் ஆகி உள்ளே திரும்பும் பந்தை மட்டையால் தொட வேண்டிய அவசியமே இல்லை. காலை நீட்டித் தடுத்துவிடலாம். நல்ல ஆடுகளத்தில் பேட்ஸ்மன்கள் இப்படியே நாள் முழுக்க நின்றார்கள்.

லிட்டில்டன் கேட்டது சின்ன மாற்றம்: பந்து எங்கே பிட்ச் ஆனால் என்ன, ஸ்டம்பில் படப்போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதைச் சட்டத்தாலேயே அடைக்க வேண்டும் என்ற பாரிஸ்டர் புத்தி. வாக்கெடுப்பில் ஆதரவு 259, எதிர்ப்பு 188. பெரும்பான்மை கிடைத்தது, ஆனால் விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தோற்றுப்போனது. ஆஃப் பக்கம் பிட்ச் ஆகும் பந்துக்கு மட்டுமாவது இந்த மாற்றம் வர 1930-கள் ஆகிவிட்டன. லெக் பக்கத்துக்கு இன்றுவரை வரவில்லை. இன்று டிவியில் 'பிட்ச்டு அவுட்சைடு ஆஃப், இம்பாக்ட் இன் லைன்' என்று நடுவர் சொல்லும்போதெல்லாம் அந்த 259 பேர் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

அமைச்சராக என்ன செய்தார்? அதில் கறை எதுவும் இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்து அவரைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

1895-இல் வார்விக் மற்றும் லெமிங்டன் தொகுதியில் லிபரல் யூனியனிஸ்ட் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். ஜோசப் சேம்பர்லேன் விலகியபின், 1903 அக்டோபரில் பிரதமர் பால்ஃபர் இவரைக் காலனி அமைச்சராக்கினார். இலங்கையும் மலாயாவும்கூட அந்தத் துறையின் கீழ்தான்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்தவரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போருக்குப் பின் அங்குள்ள தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் போதவில்லை. சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் சட்டத்துக்கு 1904-இல் இவர் ஒப்புதல் கொடுத்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சுரங்கக் குடியிருப்பு வளாகத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக் கூடாது, திறமை வேண்டிய வேலை எதுவும் செய்யக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் கப்பலேறிவிட வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகச் சவுக்கடியும் நடந்தது வெளியே வந்தபோது இங்கிலாந்து கொதித்தது. 'சீன அடிமைமுறை' என்று எதிர்க்கட்சி ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியது. 1906 தேர்தலில் அவர் கட்சி கவிழ்ந்தது, அவரும் தன் தொகுதியை இழந்தார். அப்புறம் லண்டனில் வேறொரு தொகுதியில் வென்று வந்தார்.

மலையகத்துக்கும் மலாயாவுக்கும் நேட்டாலுக்கும் நம்மவர்கள் எப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள் என்று தெரிந்த நமக்கு, அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் தெரிந்த வரிதான்.

டிரான்ஸ்வால் இந்தியர் விஷயமும் இவர் மேசைக்கு வந்தது. இந்தியர்கள் நிலம் வாங்கக் கூடாது, குறித்த இடத்தில்தான் கடை வைக்கலாம் என்பது போயர்களின் 1885-ஆம் ஆண்டுச் சட்டம். போருக்கு முன் அதைக் கண்டித்த பிரிட்டன், வென்றபின் அதையே வைத்துக்கொண்டது. நாம் கண்டித்ததை நாமே செய்வது நாட்டின் மானத்துக்குப் பொருந்தாது என்ற பொருளில் 1904-இல் லிட்டில்டனே எழுதினார். சட்டம் என்னவோ போகவில்லை. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடியது. அப்போது அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது.

கிரிக்கெட் பந்துதான் அவரைக் கொன்றதா?

1913-இல், 56 வயதில், கிழக்கு லண்டன் பெத்னல் கிரீன் பக்கத்து அணியினரோடு ஓர் ஆட்டம் ஆடினார். நன்றாகவே அடித்தார், 89 ரன். ஆடும்போது ஒரு பந்து வயிற்றில் பட்டது. அடிபட்ட இடத்தில் உள்ளே சீழ்க்கட்டி வைத்தது. ஜூலை 5 அன்று உயிர் பிரிந்தது.

மக்களவையில் இரங்கல் உரை ஆற்றிய பிரதமர் ஆஸ்குவித், அரசியலில் எதிர்க்கட்சிக்காரர். ஆனால் அவர் மனைவி மார்கோ, இறந்துபோன லாராவின் தங்கை. ஒவ்வோர் ஆங்கிலேயத் தகப்பனும் தன் மகன் எப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுவானோ, அந்த வார்ப்புக்கு இந்தத் தலைமுறையில் மிக அருகில் வந்தவர் இவர்தான் என்ற பொருளில் அவர் பேசினார்.

இன்று அவர் பெயரை எங்கே பார்க்கலாம்?

லண்டன் தேசிய நாடக அரங்கில் லிட்டில்டன் தியேட்டர் என்று ஒன்று உண்டு. அது இவர் மகன் ஆலிவரின் பெயரில். ஆலிவரும் 1951-இல் அப்பா உட்கார்ந்த அதே காலனி அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர். தேசிய அரங்கு வேண்டும் என்ற இயக்கத்தில் ஆல்ஃபிரடும் எடித்தும் ஆரம்பத்திலேயே இருந்தார்கள்.

அவரை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் 1884 ஓவல் டெஸ்டின் ஸ்கோர்கார்டை எடுங்கள். ஆஸ்திரேலிய இன்னிங்ஸில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். சதங்களையெல்லாம் தாண்டி, மிட்விண்டர் பெயருக்கு நேரே இருக்கும்: கேட்ச் கிரேஸ், பந்துவீச்சு லிட்டில்டன்.